ஏழாவது கேள்வி

செவ்வாய் பத்தரைக்கு வருவார்கள், எட்டுப் பேர்.
வெள்ளைக் கோட்டில் கஞ்சி இன்னும் மொறமொறக்கும்.
மாத்தறைப் பிள்ளை ஒருத்தி, மன்னார்ப் பிள்ளை ஒருவன்,
கல்லடியில் வீடிருந்தும் தவறாமல் பிந்துகிற டிலுக்சன்.

முதல் பாடம் கதவு.
உள்ளே ஈயம். தள்ளிப் பாருங்கள் என்பேன்.
கண்ணுக்குப் படாத ஒன்றைச் சொல்லித்தர
எனக்குத் தெரிந்த ஒரே வழி
அதைத் தடுப்பதன் பாரத்தைக் கையில் கொடுப்பது.

தூரம் இரு மடங்கானால் படுவது கால்பங்கு.
ஈய அங்கியை மடிக்காதே,
மடித்த கோட்டில் வெடிக்கும், வெளியில் தெரியாது.
படத்துக்கு எழுத முன் உன்னையே கேள்:
இது என் முடிவை மாற்றுமா?
மாற்றாதென்றால் பேனாவை மூடு.
"வயிற்று வலி. சி.டி. எடுக்கவும்" என்று
ஒரு மனுசியை நான்கு சொல்லில் அனுப்பாதே.

மீன் பாடுகிற ஊரில் அல்ட்ராசவுண்ட் எதற்கு மிஸ்
என்று வருடத்துக்கு ஒருவன் கேட்பான்.
வருடத்துக்கு ஒருமுறை சிரிக்கிறேன்.

சிரிக்காத கதையும் சொல்வேன்.
அம்பாறையில் ஒரு இராக் கடமை,
இடம் வலம் குறிக்காத நெஞ்சுப் படம்,
நான் தலைகீழாய் நம்பி
வலப்பக்கம் குழாய் போடச் சொன்னேன்.
தள்ளுவண்டி பிடித்திருந்த அற்றெண்டன்
மெல்லக் கேட்டார்:
"இவருக்கு இடப்பக்கமெல்லோ நோகுது?"
அவர் பெயரை நான் விசாரிக்கவில்லை.
அதையும் சொல்வேன்.

அடுத்த அறை எம்.ஆர்.ஐ.
கதிர் இல்லை, ஆகவே பயமில்லை என்று நினைப்பார்கள்.
காந்தம் தூங்குவதில்லை என்பேன்.
கரண்ட் போனாலும் விழித்திருக்கும்.
வாசலில் படிவம். பன்னிரண்டு கேள்வி,
ஆம், இல்லை, இரண்டு பெட்டி.

இன்று வேலாப்போடி, அறுபத்திமூன்று வயது,
வெல்லாவெளியிலிருந்து முதல் பஸ்.
நெத்மி வாசிக்கிறாள்,
புதுத் தமிழ், ழகரத்தில் ஒவ்வொரு தடவையும் தடுக்கி விழுகிற தமிழ்.
"ஏழாவது. உடம்புக்குள்ள இரும்பு இருக்கா?"
"இல்ல."
கேள்வி முடியுமுன் வந்த இல்ல.

நான் அடுத்ததுக்குப் போ என்று தலையசைத்தேன்.
நேரம் பதினொன்றரை, வெளியே வரிசை.

அவள் பேனாவை வைத்துவிட்டாள்.
அவர் சேட்டின் கீழ்ப் பொத்தானைப்
பிடித்தபடி இருந்ததை அவள் கண்டிருக்கிறாள்.
நான் காணவில்லை.
கதிரையை இழுத்து, அவரை விடத் தாழ இருந்து,
"ஐயா, நான் பொலிஸ் இல்ல.
உள்ள பெரிய காந்தம். அது இழுக்கும்.
அதுக்காகத்தான் கேக்கிறன்."

காயம் இருந்தவன் காயத்தாலேயே பிடிபட்ட காலத்தில்
இதே கேள்வியை, இதே உச்சரிப்பில்,
வேறு வாசல்களில் கேட்டிருக்கிறார்கள் அவரை.
பிழைத்த பதில் ஒன்றுதான்.
பொத்தான் மெல்லக் கழன்றது.
"ரெண்டு துண்டு கிடக்கு புள்ள. இருக்கட்டுமெண்டு விட்டாச்சி."

முதலில் எக்ஸ்ரே எடுத்தோம்.
எலும்பு ஒரு வெள்ளை, இரும்பு அதை மிஞ்சிய வெள்ளை,
அதோடு யாரும் வாதாட முடியாது.
இடுப்பில் ஐந்து.
இடக்கண்ணுக்குப் பின்னால் அரிசிக் குறுணி அளவில் ஒன்று.
எம்.ஆர்.ஐ.யை வெட்டினேன்.

திரையை நெடுநேரம் பார்த்தார்.
"ஆறா?" என்றார்.
"என்னட்ட ரெண்டு எண்டுதானே சொன்னாங்க."
டிலுக்சன் அப்போதுதான் வந்தான்,
என்ன நடந்தது என்று கேட்டான், ஒருவரும் சொல்லவில்லை.

பின்னேரம் படிவத்தை எடுத்து
ஏழாவதைக் குறுக்கே வெட்டினோம், நெத்மியும் நானும்.
தமிழில் எழுதினோம், சிங்களத்தில் எழுதினோம்,
ஐந்து மணிவரை எழுதி எழுதிக் கிழித்தோம்.
படிவத்தில் இருப்பது
ஒரு வரிக்கான இடம்.